மாநில நெடுஞ்சாலையின் பழைய தடத்தைக் கண்டுபிடிப்பது எப்படி?

தமிழ்நாட்டுக் கிராமப்புற நெடுஞ்சாலை ஒன்றின் வரலாற்றை எழுத உட்காருபவர்கள் பெரும்பாலும் அதன் எண்ணில் தொடங்குகிறார்கள். அங்கேதான் தடம் தவறுகிறது. தேசிய, மாநில, மாவட்டச் சாலைகள் என்ற பாகுபாடே 1943-இல் போட்ட நாக்பூர் சாலைத் திட்டத்தில் வந்தது. நம் நெடுஞ்சாலைத் துறை உருவானது 1946-இல். சாலையோ அதற்கு வெகுகாலம் முன்பே இருந்திருக்கும். தரம் உயர்த்தினால் எண்ணும் மாறிவிடும். எனவே எண்ணை விட்டுவிட்டுத் தடத்தைப் பிடியுங்கள்.

முதலில் இன்றைய தடம். மைல்கல்லின் தலை பச்சை என்றால் மாநில நெடுஞ்சாலை, மஞ்சள் என்றால் தேசிய நெடுஞ்சாலை. இடையில் 2, 4, 6, 8 என்று எழுதிய சிறு கற்கள் 200 மீட்டருக்கு ஒன்றாக வரும். புறவழிச்சாலை பிரியும் இடத்தில் தூரக் கணக்கு இடித்தால், ஊருக்குள் போகும் பழைய சாலையைத் தனியாக அளந்துகொள்ளுங்கள்.

அடுத்து சிறுபாலங்கள். இவற்றில்தான் நிறைய விஷயம் கிடைக்கும். கைப்பிடிச் சுவரில் 5/2 என்று இருந்தால், 5-ஆம் கிலோமீட்டரில் இரண்டாவது பாலம். 5/2ஏ என்று இருந்தால் எண் போட்டபிறகு இடையில் சேர்த்தது. சுவரை மட்டும் பார்த்து வயதைச் சொல்லிவிடக் கூடாது. அகலப்படுத்தும்போது அதை இடித்துப் புதிதாகக் கட்டிவிடுவார்கள். தண்ணீர் இல்லாத நாளில் கீழே இறங்கிப் பாருங்கள். நடுவில் கருங்கல் வளைவும் இருபுறமும் கான்கிரீட்டும் தெரிந்தால், நடுப்பகுதிதான் பழைய சாலையின் அகலம். டேப் வைத்து அளந்து எழுதுங்கள்.

புளியமரங்களும் சாட்சிதான். ஒரு பக்கம் மட்டும் வரிசை நின்றால் மறுபக்கம் அகலப்படுத்தியிருக்கலாம். இரண்டு வரிசையும் சேர்ந்து தார்ச்சாலையை விட்டு வயலுக்குள் வளைந்தால், வளைவை நிமிர்த்துவதற்கு முந்தைய தடம் அதுவாக இருக்கலாம். கிராம வரைபடத்தில் அந்த இடம் பாதைப் புறம்போக்காக, அதாவது பாதைக்கென ஒதுக்கிய அரசு நிலமாக, இருக்கிறதா என்று ஒத்துப் பாருங்கள்.

பிறகு மத்திய அரசின் நில அளவைத் துறையான சர்வே ஆஃப் இந்தியாவின் பழைய ஓரங்குல வரைபடங்கள்: ஓர் அங்குலத்துக்கு ஒரு மைல். தமிழ்நாட்டின் பெரும்பகுதி 58-ஆம் வரிசைத் தாள்களில் வரும். ஒரு தாள் அட்சரேகையில் 15 நிமிடம், தீர்க்கரேகையில் 15 நிமிடம், அதாவது கால் டிகிரிக்குக் கால் டிகிரிதான் கொள்ளும். நீண்ட சாலைக்குப் பல தாள்கள் வேண்டும். மாவட்ட விவரங்களைத் தொகுத்த அரசு நூல்களான கெசட்டியர்களில், உதாரணமாக 1906 மதுரை கெசட்டியரில், போக்குவரத்து அத்தியாயத்தில் சாலை, சத்திரம், நிழல்மரங்கள் பற்றிய செய்தி இருக்கும். தூரம் மைலில் இருக்கும், 1.609-ஆல் பெருக்குங்கள். பெருக்கியும் மைல்கல்லோடு ஒத்துவராவிட்டால், தொடக்கப்புள்ளி மாறியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

நேராகப் போகும் சாலையையெல்லாம் ராணி மங்கம்மாள் போட்டதாகவோ பழைய பெருவழியாகவோ (பழங்கால நெடும்பாதை) எழுதிவிடுவது நம்மிடம் உள்ள கெட்ட பழக்கம். பெருவழி என்று சொல்ல எழுத்துப் பொறித்த கல் வேண்டும். தருமபுரிப் பகுதியில் கிடைத்த அதியமான் பெருவழிக் கல்லில் நாவற்தாவளம் என்ற இடத்துக்கு 29 காதம் (பழைய தூர அளவு) என்று எழுத்திலேயே இருக்கிறது; படிக்கத் தெரியாதவர்களுக்காக அந்த எண்ணைக் காட்டும் குழிகளும் வெட்டியிருக்கிறார்கள். அப்படிச் சான்று கிடைத்தாலும் கல் நின்ற துண்டுக்கு மட்டும் அதைப் பொருத்துங்கள். முழுச் சாலைக்கும் நீட்ட வேண்டாம்.