‘சூப்பர் புக்கு’ன்னு சொன்னது யாரு? பாடப்புத்தகம் வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வியாசர்பாடியில் நாங்கள் நடத்தும் மாலைப் படிப்பகத்தில் ஒரு நீள நோட்டு ஆணியில் தொங்கும். முன்பக்கம், யார் எந்தப் புத்தகத்தை எடுத்துப் போனார்கள் என்ற கணக்கு. நோட்டைத் தலைகீழாகத் திருப்பினால் கடைசிப் பக்கத்திலிருந்து கருத்துகள். புத்தகத்தைத் திருப்பித் தரும்போது எப்படி இருந்தது என்று இரண்டு வரி எழுதிவிட்டுத்தான் போக வேண்டும். ஆரம்பத்தில் எழுதியதெல்லாம் ‘சூப்பர்’, ‘மொக்க’, ‘ஓகே’. ஒரே புத்தகத்துக்கு ஒருவர் ‘சூப்பர்’ என்று எழுதியிருப்பார், அதற்கு நேர் கீழே இன்னொருவர் ‘மொக்க’ என்று எழுதியிருப்பார். இரண்டு பேர் சொன்னதும் சரிதான் என்று எனக்குப் புரிய ரொம்ப நாளாயிற்று.

கதைப் புத்தகம் பிடிக்காமல் போனால் ஒரு மாலை வீண். பாடப்புத்தகம் தவறினால் ஒரு செமஸ்டரே போய்விடும். அதோடு பணமும். ஆனாலும் செருப்பு வாங்கும்போது போட்டு நடந்து பார்ப்பவர்கள்கூட, 900 ரூபாய் புத்தகத்தை யாரோ சொன்னார்கள் என்று வாங்கிவிடுகிறார்கள்.

முடித்தவர் சொல்லும் ‘ஈஸி’

நான் பார்த்தவரை அதிகம் பேர் விழுவது இந்தக் குழியில்தான். பிசியோதெரபி முதல் வருஷம் சேர்ந்த ஒரு பெண். அதே தெருவில் இறுதியாண்டு படிக்கும் அக்கா, “அனாடமிக்கு இந்தச் சின்ன புக்கு போதும்டி, அவ்ளோ ஈஸி” என்று சொல்லியிருக்கிறார். வாங்கிய மூன்றாம் நாள் புத்தகத்தோடு வந்து நின்றாள். “சார், எனக்குத்தான் மண்டையில ஏறலயா?”

வாங்கிப் பார்த்தேன். கைக்குப் போகும் நரம்புப் பின்னலான பிரேக்கியல் பிளெக்சஸ் அரைப் பக்கத்தில் முடிந்திருந்தது. சி5 முதல் டி1 வரை ஐந்து வேர், மூன்று டிரங்க், ஆறு பிரிவு, மூன்று கார்டு, ஐந்து கிளை. பக்கத்தில் ரயில் பாதை மாதிரி ஒரு கோட்டுப் படம். அவ்வளவுதான். ஏற்கெனவே தெரிந்தவருக்குப் பரீட்சைக்கு முந்தின ராத்திரி இந்த அரைப் பக்கம் பொக்கிஷம். புதிதாகப் படிப்பவருக்கு வெறும் போன் நம்பர். எந்த வேர் எதோடு சேர்கிறது, மேல் டிரங்கில் அடிபட்டால் கை ஏன் உள்பக்கமாகத் திரும்பித் தொங்கிப்போகிறது என்று சொல்லித்தர நாலு பக்கமாவது வேண்டும்.

அக்கா பொய் சொல்லவில்லை. முதல் வருஷம் முழுக்கப் பெரிய புத்தகத்தோடு மல்லுக்கட்டியிருக்கிறார். கடைசியில் சின்னதைப் புரட்டியபோது எல்லாம் பளிச்சென்று விளங்கியது. நன்றியெல்லாம் கடைசியாகத் தொட்ட புத்தகத்துக்குப் போய்விட்டது. டாப்பர் பேட்டிகளும் இதே ரகம்தான். பதினான்கு புத்தகப் பட்டியல் வரும். எதை முதலில் படித்தார், எதைப் பாதியில் வைத்தார், எதை வாங்கியதோடு சரி என்பது வராது. ஆகவே ‘எது நல்ல புக்கு?’ என்று கேட்காதீர்கள். ‘இதைத் திறக்கறதுக்கு முன்னாடி நீங்க என்ன படிச்சிருந்தீங்க?’ என்று கேளுங்கள். பாதி சீனியர்கள் இந்தக் கேள்விக்கு ஒரு நிமிஷம் யோசிப்பார்கள். அந்த யோசனைக்குப் பிறகு வரும் பதிலை நம்பலாம்.

நானும் யோக்கியன் இல்லை. இருபத்திரண்டு வயதில் ஒரு புள்ளியியல் புத்தகத்தை நாற்பது பக்கம் படித்துவிட்டு, குப்பை என்று நண்பர்களிடமெல்லாம் சொல்லி, பழைய பேப்பர்காரரிடம் கிலோ கணக்கில் போட்டேன். மூன்று வருஷம் கழித்து வேறொருவர் மேஜையில் அதே புத்தகத்தைப் பார்த்தேன். முன்னுரையின் இரண்டாவது பத்தியிலேயே எழுதியிருந்தது: இது நுண்கணிதம் ஒரு வருஷம் படித்தவர்களுக்கு. முன்னுரையை யார் படிக்கிறார்கள்? படிக்காதவர்கள்தான் கருத்து மட்டும் சத்தமாகச் சொல்கிறோம்.

எந்த எடிஷனுக்குச் சொன்ன கருத்து?

சென்ட்ரல் பக்கம் அல்லிக்குளம் வளாகத்தில் பழைய புத்தகம் தேடாத வடசென்னைப் பிள்ளைகள் குறைவு. 1985-இல் மூர் மார்க்கெட் எரிந்து, கடைகள் இங்கே வந்த பிறகும் பேச்சில் அது இன்னும் மூர் மார்க்கெட்தான். பழைய புத்தகம் வாங்குவது தவறே இல்லை, என் படிப்பில் பாதி அங்கே வாங்கியதுதான். ஆனால் ஐந்து வருஷத்துக்கு முன் ஒருவர் சொன்ன பாராட்டையும் சேர்த்து வாங்கிவிடுகிறோம். அதுதான் சிக்கல்.

சட்டம் படிப்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். 2024 ஜூலை 1-இலிருந்து இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா. 511 பிரிவு இருந்தது, 358 ஆயிற்று. கொலைக்கு 302 என்று சினிமா பார்த்தே மனப்பாடம் செய்தோம், இப்போது 103. ஏமாற்றுக்காரனை ‘ஃபோர் ட்வென்டி’ என்று திட்டுவது மட்டும் மாறவில்லை, புத்தகத்தில் அது 318(4). பட்டறைப்பெரும்புதூர் சட்டக் கல்லூரிக்குப் போய்வரும் தம்பி ஒருவன், ஆளாளுக்குப் புகழ்ந்த ஒரு குற்றவியல் புத்தகத்தை 150 ரூபாய்க்கு வாங்கி வந்து, பிரிவு எண் எல்லாம் தப்பாக இருக்கிறதே என்று தலையில் கை வைத்தான். ஆனால் தூக்கிப் போட வேண்டாம் என்றுதான் சொன்னேன். அந்தத் தேதிக்கு முன் நடந்த குற்றங்களுக்குப் பழைய சட்டம்தான் பேசும். குற்ற மனம் என்றால் என்ன, கொலைக்கும் கொலைக் குற்றமாகாத மரணம் விளைவிப்பதற்கும் என்ன வித்தியாசம் என்ற விளக்கங்களும் அழுகிப்போகவில்லை. பென்சில் எடுத்து ஓரத்தில் புது எண்களைக் குறித்துக்கொண்டே படித்தான்.

ஜி.எஸ்.டி.யும் அப்படித்தான். 2017-இல் வந்த வரியை அன்றே விளக்கி எழுதிய புத்தகத்தில் 12, 28 சதவீத அடுக்குகள் இருக்கும். 2025 செப்டம்பர் 22-இலிருந்து பெரும்பாலான பொருள்கள் 5 அல்லது 18-க்குள் வந்துவிட்டன. விகித அட்டவணை செத்துப்போனது. ஆனால் கொள்முதலில் கட்டிய வரியை விற்பனை வரியில் கழிப்பது எப்படி என்ற அத்தியாயத்துக்கு உயிர் இருக்கிறது. அதனால் ‘பழசு, வேண்டாம்’ என்ற கருத்தையும் ‘கிளாசிக், கண்ண மூடிட்டு வாங்கு’ என்ற கருத்தையும் அப்படியே விழுங்காதீர்கள். எந்த அத்தியாயம் செத்தது, எந்த அத்தியாயம் பிழைத்தது என்று கேளுங்கள்.

டி.என்.பி.எஸ்.சி. கூட்டத்தில் ‘பழைய ஸ்கூல் புக்கா, புது ஸ்கூல் புக்கா’ சண்டைக்கு முடிவே கிடையாது. பழைய சமச்சீர் புத்தகத்தைத் தொட்டவனுக்கே வேலை என்று ஒருவர் சொல்வார், 2018-இலிருந்து வந்த புதுப் பாடத்திட்டம் போதும் என்று இன்னொருவர் சொல்வார். குரூப் 4-இல் 200 கேள்வியில் 100 தமிழ். திருக்குறளும் சிலம்பும் எடிஷனுக்கு எடிஷன் மாறுவதில்லை. அங்கே பழைய புத்தகம் கூடுதல் பலம். ஆனால் அதே நம்பிக்கையோடு பழைய புவியியலைப் படித்தால் தமிழ்நாட்டில் 32 மாவட்டம் என்று எழுதிவிட்டு வருவீர்கள். இப்போது 38. பாடத்துக்குப் பாடம் பதில் வேறு.

இன்ஜினியரிங் பிள்ளைகள் இந்த விஷயத்தில் கெட்டிக்காரர்கள். ரெகுலேஷன், அதாவது பாடத்திட்டம், 2017-ஆ, 2021-ஆ என்று கேட்டுவிட்டுத்தான் புத்தகத்தையே தொடுவார்கள். ஆனால் அவர்களிடம் இன்னொரு வழக்கம் இருக்கிறது. ‘லோக்கல் ஆதர்’ புத்தகத்தைக் கிண்டலடித்துவிட்டு, அதையே வைத்து அரியர் கிளியர் பண்ணுவார்கள். பாஸாக உதவிய புத்தகத்தைப் பாராட்ட வெட்கம், புரியாத வெளிநாட்டுப் புத்தகத்தைத் திட்டவும் வெட்கம். அவர்கள் சொல்லும் கருத்தில் இந்த இரண்டு வெட்கத்தையும் கழித்துவிட்டுப் பாருங்கள்.

நட்சத்திரத்தில் பாதி கூரியருக்கு

ஆன்லைனில் ஒற்றை நட்சத்திரம் போட்டவர்கள் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று படியுங்கள். ‘மூலை மடங்கி வந்தது’, ‘தாள் மெலிசு’, ‘லேட் டெலிவரி’. அதற்கும் புத்தகத்தில் உள்ள வெப்ப இயக்கவியலுக்கும் என்ன சம்பந்தம்? ஐந்து நட்சத்திரத்திலும் இதே கதைதான்: ‘அருமையான பேக்கிங்’. வெளிநாட்டுக் கெட்டி அட்டைப் பதிப்புக்கு வந்த பாராட்டும் நம் ஊர் மலிவுப் பதிப்புக்கு வந்த திட்டும் ஒரே இடத்தில் கலந்து கிடப்பதும் உண்டு. இரண்டிலும் பயிற்சிக் கணக்குகளின் வரிசையே மாறியிருக்கலாம்.

எனக்குப் பிடித்த கருத்து, எங்கே நிறுத்தினேன் என்று சொல்லும் கருத்து. ‘நாலாவது அத்தியாயத்தோட விட்டுட்டேன், திடீர்னு மேட்ரிக்ஸ் வந்துச்சு’ என்று ஒருவன் எழுதினால் அவனுக்கு என் வீட்டில் ஒரு டீ உண்டு.

‘இங்கிலீஷ் சிம்பிளா இருக்கும்’

யாருக்கு சிம்பிள்? எங்கள் பக்கத்தில் பன்னிரண்டாவது வரை தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு, அம்பேத்கர் கலைக் கல்லூரியிலோ தியாகராயர் கல்லூரியிலோ சேர்ந்த உடனே ஆங்கிலப் புத்தகத்தோடு உட்காரும் பிள்ளைகள் எத்தனையோ பேர். ‘உந்தம்’ என்று நன்றாகப் புரிந்து படித்தவனுக்கு ‘மொமென்டம்’ என்று பார்த்ததும் புது ஆள் வந்து நிற்பது மாதிரி இருக்கிறது. அவனுக்கு இயற்பியல் தெரியும், அறிமுகம்தான் இல்லை. கான்வென்டில் படித்தவர் கொடுக்கும் ‘ரொம்ப எளிய நடை’ என்ற சான்றிதழ் இங்கே செல்லாது.

நான் ஒரு குருட்டு வழி வைத்திருக்கிறேன். நடுவில் ஒரு பக்கத்தைத் திற. அர்த்தம் பார்க்க வேண்டிய சொற்களை விரல் விட்டு எண்ணு. இரண்டு கையும் தீர்ந்துபோனால் அந்தப் புத்தகத்தை இப்போதைக்கு வை. அதே பாடத்துக்குத் தமிழ்ப் புத்தகம் இருந்தால் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு அத்தியாயம் ஓட்டு. முதல் பக்கத்தில் இந்தச் சோதனை வேண்டாம், முதல் பக்கத்தை எல்லோருமே நன்றாகத்தான் எழுதியிருப்பார்கள்.

யாருமே பேசாத புத்தகம்

கருத்தே இல்லாததால் புத்தகம் மோசம் என்று நினைப்பது இன்னொரு தவறு. ஐ.டி.ஐ. மாணவர்கள் ‘நிமி புக்கு’ என்பார்களே, கிண்டியில் இருக்கும் மத்திய அரசு நிறுவனம் போடுவது, அதற்கு யார் உட்கார்ந்து விமர்சனம் எழுதப்போகிறார்கள்? தமிழிலும் கிடைக்கிறது, தேர்வும் அந்தப் பாடத்திட்டத்தில்தான். சி.ஏ. படிப்பவர்களுக்கு அவர்கள் இன்ஸ்டிட்யூட்டே பாடநூலை இணையத்தில் இலவசமாகப் போட்டுவிடுகிறது. விளம்பரம் செய்ய ஆள் இல்லாத புத்தகங்கள் இவை. பளபளப்பான கைடுக்கு ஆயிரம் கருத்து கிடைக்கிறது என்றால், அதை விற்பதற்கு ஆயிரம் பேர் இருக்கிறார்கள் என்றும் அர்த்தமாகலாம்.

வரலாறு, பொருளாதாரம், வாழ்க்கை வரலாறு

பாடநூல் அல்லாத புத்தகங்களில் தவறு வேறு மாதிரி. நம் கட்சிக்காரர் எழுதினால் ‘ஆழமான ஆய்வு’, எதிராளி எழுதினால் ‘ஒருதலைப்பட்சம்’. இரண்டு பேரும் புத்தகத்தைத் திறந்தார்களா என்றே சந்தேகமாக இருக்கும்.

இதற்கு நம் மண்ணை வைத்தே ஒரு சோதனை உண்டு. எம்.பி.ஏ. படிக்கும் பெண் ஒருத்தி தொழிலுறவு பற்றி ஒரு தடித்த புத்தகம் கொண்டுவந்தாள். எல்லோரும் புகழ்கிறார்களாம். பின்னால் சொல்லடைவில் மெட்ராஸ் லேபர் யூனியனைத் தேடச் சொன்னேன். 1918 ஏப்ரலில், பெரம்பூர் பி அண்ட் சி மில் தொழிலாளர்களுக்காக வாடியாவும் செல்வபதி செட்டியாரும் திரு.வி.க.வும் நின்று கட்டிய சங்கம் அது. இந்தியாவில் முறையாக அமைந்த முதல் தொழிற்சங்கம் என்று சொல்வது அதைத்தான். அந்தப் புத்தகத்தில் ஒரே ஒரு வரி. 1921 வேலைநிறுத்தம் இல்லவே இல்லை. அவள் தாத்தா அந்த மில்லில் வேலை பார்த்தவர். “எங்க தெருவையே காணோம் சார்” என்றாள். முழுப் புத்தகமும் தப்பு என்று இதை வைத்துச் சொல்ல முடியாது, சொல்லவும் இல்லை. ஆனால் நமக்குத் தெரிந்த ஒரு பக்கத்தில் ஆசிரியர் எவ்வளவு கவனமாக இருக்கிறார் என்று பார்த்தால், தெரியாத முந்நூறு பக்கத்தில் எப்படி இருப்பார் என்று ஓரளவு ஊகிக்கலாம். காசிமேட்டுக்காரர் மீன்பிடிப் பொருளாதாரம் பற்றிய புத்தகத்தில் வலையின் பெயரைப் பார்க்கட்டும். துறைமுகத்தில் வேலை செய்பவர் கன்டெய்னர் கணக்கைப் பார்க்கட்டும். ஆளுக்கு ஒரு பக்கம் தெரிந்திருக்கும்.

நாம் எழுதும்போது

இப்போது எங்கள் நோட்டில் ‘சூப்பர்’ என்று மட்டும் எழுதினால் அடுத்த புத்தகம் கிடையாது. எழுதுபவர் என்ன படிக்கிறார், எந்த மீடியத்திலிருந்து வந்தவர், எந்த வருஷப் பதிப்பு, எதற்காகப் படித்தார், எதுவரை படித்தார் என்று எழுத வேண்டும். போன மாதம் ஒரு பி.காம். பையன் எழுதியது இது: ‘செகண்ட் இயர். தமிழ் மீடியம். 2022 எடிஷன். காஸ்டிங் அரியருக்கு எடுத்தேன். தியரி படிக்கல. கணக்கு மட்டும் போட்டேன், ஸ்டெப் விடாம போட்டிருக்காங்க. புராசஸ் காஸ்டிங்ல மட்டும் ஸ்டெப் தாவுது, அங்க வேற புக்கு பாருங்க.’ இதைவிட நல்ல விமர்சனத்தை நான் பத்திரிகையில்கூட அதிகம் படித்ததில்லை.

நேற்று சாயங்காலம் நோட்டைத் திருப்பிப் பார்த்தேன். ஒரு கணிதப் புத்தகத்துக்கு நேரே நீல மையில்: ‘214-ஆம் பக்கம், 6-ஆவது கணக்கு விடை தப்பு. மூணு தடவ போட்டுப் பாத்துட்டேன். இந்தப் புக்க நம்பாதீங்க.’ அதற்குக் கீழே பச்சை மையில் வேறொரு கையெழுத்து: ‘விடை சரிதான் அண்ணா. கேள்வியில 3 இல்ல, 8. நீங்க படிச்சது ஜெராக்ஸ் காப்பி. ஒரிஜினல் பீரோவுல மேல் தட்டுல இருக்கு.’