வான் கோவின் கோதுமை வயலை வெட்டாமல் பிரிண்ட் போடுவது எப்படி

டச்சு ஓவியர் வான் கோவின் "கோதுமை வயலும் காகங்களும்" ஓவியத்தை வீட்டில் மாட்ட வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை. ரெடிமேட் போஸ்டர் ஒன்று வாங்கிப் பார்த்தேன், வயல் முழுக்க சாம்பார் நிறம். சரி, நாமே போட்டுக்கொள்வோம் என்று இறங்கி, முதல் தடவை சொதப்பி, இரண்டாவது தடவைதான் உருப்படியாக வந்தது. டவுன்லோட் செய்வது, பென்டிரைவில் ஏற்றுவதெல்லாம் உங்களுக்கே தெரியும், விட்டுவிடுகிறேன்.

படி 1: படம்

அசல் ஆம்ஸ்டர்டாமில் வான் கோ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1890-இல் இறந்த மனிதர், காப்புரிமைத் தொல்லை இல்லை. அருங்காட்சியகத்தின் தளத்திலேயே சொந்த உபயோகத்துக்கு இலவசமாகக் கிடைக்கிறது, இருப்பதில் பெரிய அளவை எடுங்கள். இணையத்தில் கண்ட இடத்தில் எடுக்காதீர்கள், ஒன்றில் வானம் கத்திரிப்பூ நிறம், இன்னொன்றில் பாசிப்பச்சை. 24 அங்குல அகலத்துக்கு 4800 பிக்சல் போதும், அதாவது அங்குலத்துக்கு 200. கடையில் 300 வேண்டும் என்பார்கள். கையில் வைத்துப் பார்க்கும் புத்தகத்துக்கு அது சரி, மூன்றடி தள்ளி நின்று பார்க்கும் படத்துக்குத் தேவையில்லை.

படி 2: அளவு (நான் விழுந்த குழி)

இந்த ஓவியம் 50.5 செ.மீ. உயரம், 103 செ.மீ. அகலம். கிட்டத்தட்ட இரண்டு சதுரங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்த மாதிரி. நான் இதைக் கவனிக்காமல் "ஏ3-யில் போட்டுக் கொடுங்க" என்றேன். கடைக்காரத் தம்பி தாள் நிறைகிற மாதிரி ஃபில் கொடுத்துவிட்டார். வீட்டுக்கு வந்து விரித்தால் என்னவோ குறைகிறது, என்னவென்று பிடிபடவில்லை. அசலைத் திறந்து பக்கத்தில் வைத்த பிறகுதான் விஷயம் தெரிந்தது: அகலத்தில் சுமார் 30 சதவீதம் போய்விட்டது. வயலில் மூன்று பாதைகள் உண்டு, நடுவே ஒன்று, இரு ஓரத்திலும் ஒவ்வொன்று. என் பிரிண்டில் நடுப்பாதை மட்டும்தான் ஒழுங்காக இருந்தது, வலது ஓரத்துக் காகங்களும் பறந்துவிட்டன.

இது சும்மா ஓரம் வெட்டுப்பட்ட கதை இல்லை. பாரிசுக்கு வடக்கே ஓவேர் கிராமத்தில் கழித்த கடைசி எழுபது நாளில் வான் கோ இந்த நீள வடிவக் கித்தானை விரும்பித் தேர்ந்தெடுத்து, ஒரு டஜன் ஓவியங்கள் வரைந்தார். அந்த ஜூலையில் தம்பி தியோவுக்கும் அவர் மனைவிக்கும் எழுதிய கடிதத்தில், கொந்தளிக்கும் வானத்தின் கீழே பரந்து கிடக்கும் வயல்களை வரைந்ததாகவும், துயரத்தையும் கடும் தனிமையையும் காட்ட முயன்றதாகவும் சொல்கிறார். (நாட்டுப்புறத்தில் தெம்பு தருகிற விஷயம் ஒன்று உண்டு, அதையும் இவை சொல்லும் என்று அதே கடிதத்தில் இருக்கிறது, அதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை.) "பரந்து" என்பதை வெட்டிவிட்டால் அப்புறம் என்ன மிச்சம்?

ஆகவே, படம் 24க்கு 11¾ அங்குலம், சுற்றிலும் ஓர் அங்குலம் வெள்ளை, மொத்தத் தாள் 26க்கு 13¾. கடையில் அளவைக் கணக்குப் போடச் சொல்லாதீர்கள், நீங்களே கிம்ப்பில் (படங்களைத் திருத்தும் இலவச மென்பொருள்) இந்த அளவில் வெற்றுப் பக்கம் திறந்து, படத்தை நடுவில் வைத்துக் கொண்டுபோங்கள். "ஃபிட் வேண்டாம், ஃபில் வேண்டாம், நூறு சதவீதம்" என்று சொல்லிவிட்டு, பக்கத்திலேயே நில்லுங்கள்.

படி 3: நிறம்

முழுப் படத்துக்கு முன்னால் கையகலத் துண்டு ஒன்று போட்டுப் பாருங்கள். நீல வானமும் மஞ்சள் கதிரும் தொடுகிற இடமாக எடுங்கள். திரையில் ஆழ்ந்த நீலமாக இருப்பது தாளில் ஊதாவாக மாறுவது சகஜம், அங்கே பார்த்தால் உடனே தெரிந்துவிடும். கடையின் டியூப்லைட்டில் முடிவு செய்யாதீர்கள், வாசலுக்கு எடுத்து வந்து பாருங்கள்.

படி 4: தாள், பிரேம்

மேட் தாள்தான். பளபளப்புத் தாளில் ஜன்னல்தான் தெரியும். கித்தானில் பிரிண்ட் போட்டால் அசல் மாதிரி இருக்கும் என்பார்கள், எனக்குப் பிடிக்காது. அவர் பெயின்ட்டை வரப்பு மாதிரி அப்பி வைத்தவர், பிரிண்டில் அந்த வரப்புகள் தட்டையாகி, துணியின் இழை மட்டும் சீராக எட்டிப் பார்க்கும். பிரேமில் மவுண்ட் அட்டை (பிரிண்டுக்கும் கண்ணாடிக்கும் நடுவே வைக்கிற, நடுவில் திறப்பு வெட்டிய அட்டை) கட்டாயம், கண்ணாடி பிரிண்டைத் தொட்டால் ஈரத்தில் ஒட்டிக்கொள்ளும். மவுண்டின் திறப்பு 24½க்கு 12¼ இருக்கட்டும். பின்னால் முழுக்கப் பசை தடவாதீர்கள், மேல் ஓரத்தில் இரண்டு துண்டு டேப் போதும்.

"என்ன இருந்தாலும் பிரிண்ட்தானே" என்று உறவினர் ஒருவர் கேட்டார். வான் கோ 1869-இல் பதினாறு வயதில் ஹேக் நகரில் வேலைக்குச் சேர்ந்த குபில் என்ற ஓவிய விற்பனைக் கடையின் வியாபாரத்தில் பெரும்பகுதி ஓவியங்களின் பிரதிகள்தான் என்றேன். பின்னாளில் பாரிசில் ஜப்பானிய மரக்கட்டைப் பிரிண்டுகளை நூற்றுக்கணக்கில் வாங்கிக் குவித்தவரும் அவரேதான்.

பின்சேர்க்கை: இதுதானே அவருடைய கடைசி ஓவியம் என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். இல்லை. அருங்காட்சியகம் கடைசி என்று கருதுவது "மர வேர்கள்". அதுவும் இதே நீள வடிவம்தான், 24 அங்குல அகலத்தில் போட்டால் இதே பிரேமில் உட்கார்ந்துவிடும், மேலும் கீழும் வெள்ளை மட்டும் கொஞ்சம் குறையும்.