பார்க்கின்சன் இருக்கிறதா? தசை வலுப் பயிற்சியை நாற்காலியிலிருந்து தொடங்குங்கள்

கும்பகோணம், பாபநாசம், வலங்கைமான் சுற்றுவட்டாரத்தில் வீடு வீடாகப் போய் பிசியோதெரபி செய்கிறேன். பார்க்கின்சன் வந்த பெரியவர்கள் இருக்கும் வீட்டில் அடிக்கடி காதில் விழுவது இதுதான்: "நீங்க உக்காருங்கப்பா, நாங்க எடுத்துட்டு வர்றோம்." பாசத்தில் சொல்வதுதான். ஆனால் தண்ணீர்ச் சொம்புகூடக் கைக்கே வந்துவிட்டால் எழுந்திருக்க வேண்டிய அவசியமே இல்லாமல் போகிறது. சில மாதங்களில் தொடை வற்றிவிடும். அப்புறம் எழ முடியாததற்கெல்லாம் நோயின் மேல் பழி போடுகிறோம்.

இந்த நோயில், மூளையில் அசைவுக்குத் தேவையான டோபமின் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் செல்கள் குறைவதால் அசைவுகள் மெதுவாகின்றன, சிறுத்துப்போகின்றன. அந்தச் செல்களைப் பயிற்சி மீட்டுத் தரும் என்று நான் சொல்ல மாட்டேன். தசை அப்படியில்லை, எந்த வயதிலும் வலுவைக் கூட்டிக்கொள்ளும். 2013-ல் வெளியான சிகாகோ ஆய்வு ஒன்றில், எடையைப் படிப்படியாகக் கூட்டி வாரம் இரண்டு நாள் வீதம் இரண்டு வருடம் பயிற்சி செய்தவர்களை மாத்திரையின் வேகம் இறங்கிய நேரத்தில் சோதித்தார்கள். எடை கூட்டாமல் பொதுவான உடற்பயிற்சி மட்டும் செய்தவர்களைவிட அவர்களுடைய அசைவுகள் நன்றாக இருந்தன.

"ஆயுசு பூரா மண்வெட்டி பிடிச்ச உடம்பு, இனிமே என்ன தம்பி பயிற்சி?" என்று கேட்கிறவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் நாற்று நட்டதும் களை பறித்ததும் கதிர் அறுத்ததும் குனிந்து செய்த வேலைகள். பார்க்கின்சனும் உடம்பை முன்னால் குனிய வைக்கிற நோய். அதனால் இப்போது முதலில் வலுவாக்க வேண்டியவை நிமிர்த்துகிற தசைகள்: முதுகு, புட்டம், முன்தொடை.

தொடங்கும் முன்

நரம்பியல் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். இதய நோய், எலும்புத் தேய்மானம், முழங்கால் அறுவை சிகிச்சை எது இருந்தாலும் சொல்லிவிடுங்கள். படுத்திருக்கும்போது ஒரு முறை, எழுந்து நின்ற மூன்று நிமிடத்துக்குள் ஒரு முறை ரத்த அழுத்தம் பாருங்கள். மேல் எண் 20 அல்லது அதற்கு மேல் இறங்கினால், மருத்துவரிடம் காட்டிய பிறகே நின்று செய்யும் பயிற்சிகள்.

நேரம் முக்கியம். பார்க்கின்சனுக்குக் கொடுக்கிற லெவோடோபா மாத்திரை போட்டுப் பெரும்பாலும் முக்கால் மணி, ஒரு மணி நேரத்தில் உடம்பு இளகிக்கொடுக்கும். ஆளுக்கு ஆள் மாறும் என்பதால் நாலைந்து நாள் கவனித்து ஒரு தாளில் எழுதி வையுங்கள். அந்த நல்ல நேரத்தில்தான் பயிற்சி. கை கால் இறுகிக் கிடக்கும்போது வேண்டாம்.

சித்திரை வைகாசியில் டெல்டா வெயில் தாங்காது. வியர்த்துக் கொட்டினால் ரத்த அழுத்தம் இன்னும் இறங்கும். காலை முதல் மாத்திரைக்குப் பிறகு, வெயில் ஏறுவதற்குள் முடித்துவிடுங்கள்.

வேட்டி தடுக்கும், அரைக்கால் சட்டை நல்லது. பெண்கள் சுடிதார் போட்டுக்கொள்ளலாம். புடவைதான் என்றால் கணுக்காலுக்கு மேல் தூக்கிச் செருகிக்கொள்ளட்டும். ரப்பர் செருப்பு கூடாது, குதிகாலுக்குப் பின்னால் பட்டை உள்ளது வேண்டும். தரையில் கிடக்கும் மிதியடி, பாய் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். முற்றத்தின் ஓரம் ஈரமாக இருந்தால் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

படி 1: உடம்பைச் சூடாக்குதல்

நாற்காலியில் உட்கார்ந்தபடி ஐந்து நிமிடம் கால்களை மாற்றி மாற்றித் தூக்கி வையுங்கள். கைகளை நன்றாகப் பெரிதாக வீசுங்கள். அளவுக்கு மீறி வீசுகிறோமோ என்று உங்களுக்குத் தோன்றும், பார்க்கிறவர் கண்ணுக்கு அதுதான் சரியான அளவாக இருக்கும்.

படி 2: உட்கார்ந்து எழுதல்

ஒரே ஒரு பயிற்சிதான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். கைப்பிடியுள்ள கனமான மர நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். பிளாஸ்டிக் நாற்காலி வழுக்கிவிடும். சாய்வு நாற்காலியும் ஊஞ்சலும் இதற்கு ஆகாது.

முதலில் நகர்ந்து நாற்காலியின் முன்விளிம்புக்கு வாருங்கள். இரண்டு பாதங்களையும் இடுப்பு அகலத்துக்கு வைத்து, குதிகால் முழங்காலுக்குச் சற்றுப் பின்னால் இருக்கும்படி இழுத்துக்கொள்ளுங்கள். இப்போது மூக்கு கால் கட்டைவிரலுக்கு நேராக வரும்வரை முன்னால் சாயுங்கள். இங்கேதான் பலருக்குத் தவறுகிறது. விழுந்துவிடுவோமோ என்ற பயத்தில் உடம்பை நேராகவே வைத்துக்கொண்டு எழப் பார்க்கிறார்கள். பாரம் பாதத்துக்கு வராமல் பின்னாலேயே தங்குவதால் பொத்தென்று மறுபடியும் உட்கார்ந்துவிடுகிறார்கள். கால் வலு போதவில்லை என்று நினைத்துக்கொள்கிறார்கள், நிஜத்தில் சாய்ந்தது போதவில்லை.

சாய்ந்ததும் சத்தமாக "ஒண்ணு, ரெண்டு, மூணு" எண்ணி, மூன்றில் வேகமாக எழுங்கள். முழுசாக நிமிர்ந்து, மார்பை விரித்து ஒரு நொடி நில்லுங்கள். உட்காரும்போது மெதுவாக, நாலு எண்ணிக்கொண்டே இறங்குங்கள். தொடைக்கு உண்மையான வேலை அந்த இறக்கத்தில் இருக்கிறது. மூச்சை அடக்காதீர்கள். சத்தமாக எண்ணினால் மூச்சு தானே ஓடும்.

முதலில் கைப்பிடியைப் பிடித்து ஐந்து முதல் எட்டுத் தடவை. வீட்டில் ஒருவர் பக்கவாட்டில் நிற்கட்டும், கக்கத்தில் கைகொடுத்துத் தூக்க வேண்டாம். பழகியதும் ஒரு கை மட்டும், பிறகு கையே வைக்காமல். கை வைக்காமல் சுலபமாகப் பதினைந்து வந்துவிட்டால், அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலை மார்போடு அணைத்துச் செய்யுங்கள். அடுத்து ஒரு லிட்டர், அதாவது ஒரு கிலோ. கடைசி இரண்டு மூன்று தடவை கொஞ்சம் சிரமமாக இருக்க வேண்டும். சிரமமே இல்லாவிட்டால் வலு கூடாது.

படி 3: தூணைப் பிடித்து

திண்ணைத் தூண் இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் ஜன்னல் கம்பி. பிடித்துக்கொண்டு குதிகால்களை உயர்த்தி, மெதுவாக இறக்குங்கள். அடுத்து உடம்பை முன்னால் சாய்க்காமல் ஒரு காலை நேராகப் பின்னால் நீட்டுங்கள், புட்டம் இறுகுவது தெரியும். ஒவ்வொன்றும் பத்துத் தடவை.

படி 4: பட்டையை இழுத்தல்

பயிற்சிக்கான ரப்பர் பட்டையை ஜன்னல் கம்பியில் நெஞ்சு உயரத்துக்குக் கட்டி, உட்கார்ந்தபடி இரண்டு கையாலும் விலாவை நோக்கி இழுங்கள். இரண்டு தோள்பட்டை எலும்புகளும் முதுகில் நெருங்க வேண்டும். கூன் விழாமல் காப்பதற்கு இதை நான் மிகவும் நம்புகிறேன்.

படி 5: கட்டிலில் இடுப்பைத் தூக்குதல்

மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, இடுப்பை உயர்த்தி மூன்று எண்ணி இறக்குங்கள். எட்டிலிருந்து பத்துத் தடவை. ராத்திரி புரண்டு படுக்க முடியவில்லை என்று வருந்துகிறவர்களுக்கு இது நல்ல துணை.

எத்தனை நாள்?

அமெரிக்காவின் பார்க்கின்சன் அறக்கட்டளை 2021-ல் வெளியிட்ட வழிகாட்டுதல், வலுப் பயிற்சியை வாரத்துக்கு இரண்டு மூன்று நாள், அடுத்தடுத்த நாட்களாக இல்லாமல், அரை மணி நேரம் செய்யச் சொல்கிறது. திங்கள், வியாழன் என்று தொடங்கலாம். மற்ற நாட்களில் மூன்று நாளாவது கொஞ்சம் மூச்சு வாங்குகிற வேகத்தில் நடை. சமதளமான தெருவில் நடங்கள். வரப்பிலும் வாய்க்கால் கரையிலும் தனியாகப் போக வேண்டாம்.

கால் ஒட்டிக்கொண்டால்

முற்றத்தில் நன்றாக நடந்துவந்த ஒரு பெரியவருக்கு, நிலைப்படிக்கு ஒரு அடி முன்னால் பாதம் தரையோடு ஒட்டிக்கொள்ளும். மகள் முன்னால் நின்று கையை இழுப்பார். மேல் உடம்பு மட்டும் வரும், கால் வராது, ஆள் முன்னால் சரிவார். "இழுக்காதீங்கம்மா, பக்கத்துல நில்லுங்க" என்று சொல்லி, நிலைப்படிக்கு முன்னால் தரையில் மஞ்சள் டேப்பைக் குறுக்கே மூன்று வரிசையாக ஒட்டினோம். இப்போது நின்று, நிமிர்ந்து, பாரத்தை இடதும் வலதுமாக மாற்றி, முதல் கோட்டைத் தாண்டுவதுபோலக் காலை எடுத்து வைக்கிறார். கோயில் தவில் கேட்டு வளர்ந்தவர் என்பதால் வாயால் "தகதிமி" சொல்லிக்கொண்டே நடப்பார். கோடும் தாளமும் கால் எடுக்கப் பலருக்கும் உதவுகின்றன.

சாப்பாடு

தசைக்குப் புரதம் வேண்டும்: பருப்பு, சுண்டல், முட்டை, மீன், தயிர். ஆனால் புரதம் லெவோடோபா உடம்பில் சேர்வதைத் தாமதப்படுத்தலாம். மாத்திரையைச் சாப்பாட்டுக்கு அரை மணி முன்பு போடலாமா என்று மருத்துவரைக் கேளுங்கள். பூனைக்காலி விதைப் பொடியை யார் சொன்னாலும் தானாக வாங்கிச் சாப்பிடாதீர்கள். அதிலும் லெவோடோபா இருக்கிறது, மாத்திரையோடு சேர்ந்தால் அளவு மீறும்.

நெஞ்சு வலி, கண் இருட்டல், தலைசுற்றல், புதிதாகக் குத்துகிற வலி எது வந்தாலும் உடனே நிறுத்திவிட்டு உட்காருங்கள். நெஞ்சு வலி என்றால் 108-ஐக் கூப்பிடுங்கள்.

ஒரு நோட்டில் தேதி, மாத்திரை போட்ட நேரம், எத்தனை தடவை எழுந்தார், கை வைத்தாரா இல்லையா, தடுமாறினாரா என்று எழுதி வாருங்கள். அடுத்த முறை மருத்துவமனைக்குப் போகும்போது நோட்டையும் எடுத்துப் போங்கள். மாத்திரையின் அளவையும் நேரத்தையும் மாற்றுவதற்கு மருத்துவருக்கு அது உதவும்.