வெள்ளத்தைப் பார்த்த பிள்ளை அங்கன்வாடிக்கு வரும்போது

மூன்று வயதுப் பிள்ளை தன் பயத்தை வாயால் சொல்லாது, உடம்புதான் சொல்லும். கழிப்பறை பழகிய பிள்ளை மறுபடி டவுசரை நனைக்கும், சட்டென்று கடிக்கும், இல்லையென்றால் மூலையில் அசையாமல் உட்கார்ந்திருக்கும். அந்த மூன்றாவது பிள்ளையைச் 'சமத்து' என்று விட்டுவிடுவதுதான் அதிகம் நடக்கிற தவறு.

பாட்டு, விளையாட்டு, சாப்பாடு, தூக்கம் என்ற வரிசையை மாற்றாதீர்கள். நான்கையும் படமாக வரைந்து பிள்ளையின் கண் உயரத்தில் ஒட்டுங்கள். ஒவ்வொன்றும் முடிய ஐந்து நிமிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

காலையில் அம்மா கண்ணில் படாமல் நழுவக் கூடாது. "தூங்கி எழுந்ததும் வந்துடுவேன்" என்று சொல்லிவிட்டே போகட்டும், பிள்ளை அழுதாலும் சரி. மதியத் தூக்கம்தான் பெரும்பாடு. கதவைச் சாத்தி இருட்டாக்காமல், பாயைச் சுவரோரமாக, வாசல் தெரிகிற மாதிரி போடுங்கள். அம்மாவின் பழைய சேலைத்துண்டு கையில் இருந்தால் நல்லது. தூக்கம் வராவிட்டால் அதட்ட வேண்டாம், படப்புத்தகம் கொடுங்கள்.

மழைச் சத்தத்துக்கு அலறினால் "ஒண்ணுமில்ல" என்று சொல்லாதீர்கள், பிள்ளைக்கு அந்தப் பயம் நிஜமாகவே இருக்கிறது. பின்னாலிருந்து தூக்கவும் வேண்டாம். எதிரே முட்டிபோட்டு, "மழை பயமா இருக்கா கண்ணு? டீச்சர் பக்கத்துலயே இருக்கேன்" என்று மெதுவாகச் சொல்லுங்கள். பிறகு உள்ளங்கையில் பஞ்சை வைத்து ஊதச் சொன்னால் மூச்சு தானாக நீளும்.

மணலில் வீடு கட்டித் திரும்பத் திரும்ப மூழ்கடித்தால் தடுக்காதீர்கள், துருவிக் கேட்காதீர்கள். பதற்றம் ஏறிக்கொண்டே போனால் மட்டும் ஒரு காகிதப் படகை நீட்டி, "இதுல யாரை ஏத்தலாம்?" என்று கேளுங்கள்.

ஒரு மாதம் தாண்டியும் தூக்கமும் சாப்பாடும் சீராகாவிட்டால் அரசு மருத்துவமனையில் குழந்தை மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள். வீட்டில் அடி விழுவதாகத் தெரிந்தால் காத்திருக்காமல் குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்கு அழையுங்கள்.