மெஷின் சைபர் காட்டினால் வண்டியை அனுப்பிவிடலாமா?

போன வாரம் ராத்திரிச் சோதனையில், புதிதாக வந்த எஸ்.ஐ. தம்பி, டிரைவர் குடித்திருக்கிறாரா என்று ஊதச் சொல்லிப் பார்க்கும் மெஷினை என்னிடம் நீட்டி, “சைபர் சார், அனுப்பிடவா?” என்றார். எதிரே நின்ற பையனுக்குக் கண் செக்கச்செவேல். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது, ஏனென்றால் அதே கேள்வியை ஒரு காலத்தில் நானும் கேட்டிருக்கிறேன். ஸ்ட்ராவை மாற்றுவது, சார்ஜ் பார்ப்பது எல்லாம் பயிற்சியிலேயே சொல்லித் தருவார்கள். அதை விடுவோம். ரோட்டில் நாம் செய்யும் தவறுகளைப் பார்ப்போம்.

சைபரை நம்புவது

நான் அப்படி ஏமாந்த அன்றைக்கு வந்தது பூ லோடு ஆட்டோ, விடியற்காலை நாலு மணி. பேர் கேட்டால் டிரைவர் யோசித்துச் சொல்கிறான். சட்டையில் கஞ்சா வாடை. ஊதினான், சைபர். “போய்த் தொலை” என்று விட்டேன். கொஞ்ச நேரத்தில் வயர்லெஸ் கத்தியது: அதே ஆட்டோ சென்டர் மீடியனில் ஏறிக் கிடக்கிறது. மூட்டைமேல் உட்கார்ந்து வந்த பூக்காரருக்குத் தொடை எலும்பு முறிவு.

நம் கையில் இருக்கும் மெஷின் சாராயத்துக்கானது. ஆல்கஹால் ரத்தத்திலிருந்து ஆவியாகி நுரையீரல் வழியாக மூச்சில் கலக்கும். உள்ளே இருக்கும் சென்சார் அதைப் பிடிக்கும். கஞ்சாவில் போதை ஏற்றும் டிஎச்சி என்ற பொருள் அப்படி ஆவியாகாது. மூச்சோடு வரும் நுண்துளிகளில் துளியூண்டு ஒட்டியிருக்கும், அவ்வளவுதான். சுவீடனில் கரோலின்ஸ்கா என்ற மருத்துவப் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள் அந்தத் துளிகளை வடிகட்டியில் பிடித்துக் காட்டினார்கள். ஆனால் அதை லேபுக்கு அனுப்பித்தான் முடிவு வாங்க முடிந்தது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் 2004 டிசம்பரில் சாலையோர போதைச் சோதனை தொடங்கியபோது மூச்சை நம்பவில்லை, எச்சிலைத்தான் எடுத்தது.

சட்டமும் இரண்டையும் ஒரே தராசில் வைக்கவில்லை. மோட்டார் வாகனச் சட்டம் 185-வது பிரிவில் மதுவுக்கு அளவு உண்டு: 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. மற்ற போதைப்பொருளுக்கு எண்ணே கிடையாது. வண்டியைக் கட்டுப்படுத்த முடியாத அளவுக்குப் போதையில் இருந்தார் என்று காட்ட வேண்டும். சிறுநீரில் கஞ்சா இருக்கிறது என்று ரிப்போர்ட் வந்தாலும் போதாது. இழுத்துப் பல நாள் கழித்தும் அது தெரியும். “என் கட்சிக்காரர் போன ஞாயிற்றுக்கிழமை இழுத்தது” என்பார் வக்கீல். அப்போது கை கொடுப்பது ஸ்பாட்டில் நீங்கள் எழுதியதுதான். நேர்க்கோட்டில் நடக்கச் சொன்னபோது எத்தனையாவது அடியில் சாய்ந்தார், சாவியை எத்தனை முறை கீழே போட்டார், எத்தனை மணிக்கு. “போதையில் காணப்பட்டார்” என்று ஒற்றை வரி எழுதி நான் கோட்டை விட்ட கேஸ் உண்டு. கூண்டில் நின்றபோது சொல்ல வேறெதுவும் இல்லை.

கண் சிவப்பை மட்டும் வைத்து முடிவு கட்டுவது

மூன்று ராத்திரி தூங்காத லாரி டிரைவருக்கும் கண் சிவக்கும். சுகர் இறங்கியவரும் உளறுவார். அவருக்குத் தேவை ஆஸ்பத்திரி, எஃப்.ஐ.ஆர். அல்ல.

டாக்டரிடம் மெதுவாகப் போவது

கைது செய்த இரண்டு மணி நேரத்துக்குள் மருத்துவப் பரிசோதனை நடக்க வேண்டும். தவறினால் ஆளை விட்டாக வேண்டும் என்கிறது அதே சட்டத்தின் 202-வது பிரிவு. டீ அப்புறம் குடிக்கலாம்.

குடித்து வாய் துடைத்ததும் ஊதச் சொல்வது

பதினைந்து நிமிடம் பொறுங்கள். வாயில் தங்கிய சரக்கு அளவைத் தூக்கிக் காட்டும்.

ஊத மறுப்பவரிடம் கெஞ்சுவது

வேண்டாம். மறுத்ததை மணியோடு எழுதி, பக்கத்தில் இருப்பவரிடம் சாட்சிக் கையெழுத்து வாங்குங்கள். 205-வது பிரிவுப்படி அந்த மறுப்பே நம் பக்கம் பேசும்.