கால்வாய்க்குக் கான்கிரீட் போடும் முன்: பழைய சுற்றுச்சூழல் அறிக்கையை மறுபடி எடைபோடுவது எப்படி?

கசிவைக் குறைக்கக் கால்வாயின் அடியிலும் இரு சரிவிலும் கான்கிரீட் தளம் போடும் திட்டம் வருடக்கணக்கில் கோப்பில் கிடந்துவிட்டு, நிதி வந்த அன்று திடீரென்று வேகம் பிடிக்கும். வரைபடம் தயார், டெண்டர் தயார், சுற்றுச்சூழல் தாக்க அறிக்கையும் இருக்கிறது. ஆனால் அந்த அறிக்கையில் உள்ள திறந்த கிணறுகளில் பாதி இன்று தூர்ந்து போயிருக்கும், இன்று ஓடும் ஆழ்துளைக் கிணறுகள் எதுவும் அதில் இருக்காது. இதை மறு ஆய்வு செய்யும் வேலை உங்களிடம் வந்தால், தேதியை மட்டும் மாற்றிக் கையெழுத்துப் போடாமல் எங்கிருந்து தொடங்குவது என்று பார்ப்போம். நீங்கள் பொறியாளரோ பாசனச் சங்கத்துக்காரரோ, வேலை ஒன்றுதான்.

முதல் வேலை, அறிக்கையில் இருப்பது எந்த ஆண்டின் நிலவரம் என்று கண்டுபிடிப்பது. அட்டையில் இருக்கும் ஆண்டை நம்ப வேண்டாம், நீர்மட்ட அளவுகளும் நிலப் பயன்பாட்டு வரைபடமும் அதற்கும் முந்தியவையாக இருப்பது சகஜம். அப்புறம் அன்றைக்கும் இன்றைக்கும் என்ன மாறியது என்று எழுதுங்கள்: பயிர், கிணறுகளின் எண்ணிக்கையும் ஆழமும், தண்ணீர் திறக்கும் நாட்கள், கால்வாய் ஓரத்துக் குடியிருப்புகள், புதிதாக உருவான சதுப்பு, பாதுகாக்கப்பட்ட பட்டியலில் புதிதாகச் சேர்ந்த உயிரினங்கள். அமெரிக்காவில் 1981இல் வெளியான அரசு விளக்கக் குறிப்பு ஒன்று, இன்னும் தொடங்காத திட்டத்தின் அறிக்கை ஐந்து ஆண்டுக்கு மேல் பழையதாகிவிட்டால் அதைக் கவனமாக மறுபடி பார்க்க வேண்டும் என்றது. எந்த நாட்டிலும் வைத்துக்கொள்ளலாம், நல்ல கணக்கு.

இதைச் செய்யாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஆல் அமெரிக்கன் கால்வாய் நல்ல பாடம். கொலராடோ ஆற்றுத் தண்ணீரை கலிபோர்னியாவின் இம்பீரியல் பள்ளத்தாக்குக்குக் கொண்டுபோகும் கால்வாய் அது, மெக்சிகோ எல்லையை ஒட்டியே மணல்மேடுகள் வழியாக ஓடுகிறது. மண் கால்வாயாக இருந்தவரை கசிந்த தண்ணீர் நிலத்தடியில் எல்லையைத் தாண்டி மெக்சிகாலி பள்ளத்தாக்கின் கிணறுகளுக்குப் போனது, அங்கே அதை நம்பி வெள்ளாமையும் ஈரநிலங்களும் இருந்தன. சுமார் 37 கிலோமீட்டருக்குக் கான்கிரீட் கால்வாய் கட்டினால் ஆண்டுக்கு 67,700 ஏக்கர் அடி, அதாவது எட்டுக் கோடி கன மீட்டருக்கு மேல், மிச்சம் என்பது திட்டம். சுற்றுச்சூழல் அறிக்கை 1994இல் முடிந்தது, வேலை பல வருடம் தள்ளிப்போனது, 2005இல் வழக்கு வந்தது. நிலவரம் மாறிவிட்டது, ஈரநிலங்களைப் பற்றிப் புதிய தகவல் இருக்கிறது, துணை அறிக்கை வேண்டும் என்பது வழக்குத் தொடுத்தவர்களின் வாதங்களில் ஒன்று. 2006இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் வேலையை நிறுத்தி வைத்தது. அதே ஆண்டு டிசம்பரில் அமெரிக்க காங்கிரஸ் தாமதமின்றி வேலையைத் தொடங்கச் சொல்லிச் சட்டமே போட, 2007இல் வழக்கு செல்லாமல் போயிற்று. கால்வாய் கட்டி முடிந்தது, சரி, ஆனால் எல்லைக்கு அப்பால் என்ன ஆகும் என்ற கேள்விக்கு நீதிமன்றத்தில் பதில் வரவே இல்லை. உங்கள் திட்டத்துக்குத் தனிச் சட்டம் போட யாரும் வரமாட்டார்கள், ஆகவே பதிலை நீங்களே தேடி வைத்துக்கொள்வது நல்லது.

கசிவை நீங்களே கணக்குப் போடுங்கள்

அறிக்கையில் இருக்கும் கசிவு அளவை அப்படியே எடுக்காதீர்கள். இந்திய நிலத்தடி நீர் மதிப்பீட்டுக் குழுவின் 1997 வழிமுறையில் ஒரு தோராய விகிதம் உண்டு: களியும் மணலும் கலந்த சாதாரண மண்ணில் ஓடும் கால்வாய், தண்ணீர் படும் பரப்பு பத்து லட்சம் சதுர மீட்டருக்கு நொடிக்கு 1.8 முதல் 2.5 கன மீட்டர் வரை கசியும், மணல் அதிகமென்றால் 3 முதல் 3.5. தளம் போட்ட கால்வாய்க்கு இதில் 20 சதவீதம் என்று எடுக்கச் சொல்கிறார்கள். 20 கிலோமீட்டர் நீளம், குறுக்கே தண்ணீர் படும் அகலம் 15 மீட்டர் என்று வைத்துக்கொண்டால் பரப்பு மூன்று லட்சம் சதுர மீட்டர். விகிதம் 2 என்றால் கசிவு நொடிக்கு 0.6 கன மீட்டர், தளம் போட்ட பின் 0.12. வித்தியாசம் 0.48. 120 நாள் தண்ணீர் ஓடினால் கிட்டத்தட்ட 50 லட்சம் கன மீட்டர்.

இது மேசைக் கணக்குதான். முடிந்தால் களத்தில் அளந்துவிடுங்கள். கால்வாயின் ஒரு பகுதியை இரு பக்கமும் அடைத்துத் தண்ணீரைத் தேக்கி, மட்டம் எவ்வளவு இறங்குகிறது என்று பார்ப்பது நம்பகமான முறை, ஆனால் அதற்குப் பாசனத்தை நிறுத்த வேண்டும், ஓடும் கால்வாயில் செய்ய முடியாது. ஓடும்போது அளக்க, மேலே உள்ளே வரும் நீரையும் கீழே வெளியே போகும் நீரையும் அளந்து, இடையில் மதகுகளில் பிரிந்ததைக் கழிக்கலாம். குறுகிய தூரத்தில் இது பயன்படாது, அளக்கும் கருவியின் பிழையே கசிவைவிடப் பெரிதாக வந்து நிற்கும்.

அந்தத் தண்ணீர் இப்போது யாரிடம் போகிறது?

மறு ஆய்வின் உயிர் இங்கேதான் இருக்கிறது, என்னைக் கேட்டால் பாதி நேரத்தை இதற்கே கொடுக்கலாம். பழைய அறிக்கைகள் கசிவு முழுவதையும் இழப்பாகவே எழுதியிருக்கும். அந்த 50 லட்சத்தில் எவ்வளவு கிணறுகள் வழியாக மறுபடி பயிருக்குப் போகிறது, எவ்வளவு ஓடைக்கு ஊற்றாகத் திரும்புகிறது, எவ்வளவு சதுப்பையும் கரை மரங்களையும் வாழவைக்கிறது, எவ்வளவு உப்பு நீர் அடுக்கில் கலந்து யாருக்கும் உதவாமல் போகிறது என்று பிரியுங்கள். கடைசிப் பங்கு மட்டும்தான் உண்மையான மிச்சம். மற்றதெல்லாம் ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு மாறும் தண்ணீர், மாற்றுவது தப்பென்று சொல்லவில்லை, ஆனால் யாரிடமிருந்து எடுக்கிறோம் என்று அறிக்கையில் பெயர் சொல்லி எழுதியாக வேண்டும்.

பிரிப்பதற்குப் பெரிய கணினி மாடல் எப்போதும் தேவையில்லை. கால்வாயிலிருந்து 100, 300, 800 மீட்டர் என்று தள்ளித் தள்ளி இருக்கும் கிணறுகளில், தண்ணீர் திறப்பதற்கு முன்பிருந்து நிறுத்திய பின்வரை வாரம் ஒருமுறை மட்டம் எடுங்கள். திறந்ததும் மட்டம் ஏறி, நிறுத்தியதும் இறங்கும் கிணறு கால்வாயைக் குடிக்கிறது. மழையால் ஏறியதா என்று சந்தேகம் வந்தால் கிணற்று நீரின் உப்புத்தன்மையைக் கால்வாய் நீரோடு ஒப்பிடுங்கள், மழையில்லாத வாரங்களை மட்டும் தனியே பாருங்கள். வேலை நடக்கும் பருவத்தில் கால்வாய் மூடியிருக்கும் என்பதால் அப்போது எடுக்கும் அளவுகள் இதற்கு உதவாது.

அளவோடு தரமும் சேர்த்தி. நிலத்தடி நீரில் நைட்ரேட்டோ ஃபுளோரைடோ கூடுதலாக உள்ள இடத்தில் கால்வாய்க் கசிவு அதைக் கலந்து நீர்க்கச் செய்துகொண்டிருக்கும், தளம் போட்டதும் குடிநீர்க் கிணறு வற்றாமலே கெட்டுப்போகலாம்.

மறுபக்கத்தையும் நேர்மையாக எழுதுங்கள். கசிவால் வேர்வரை நீர் ஏறி உப்புப் பூத்த நிலங்களுக்குத் தளம் நல்லதுதான் செய்யும். அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்துக் கிராண்ட் பள்ளத்தாக்கில் கால்வாய்களுக்குத் தளம் போட்டதே, கசிவு நிலத்திலிருந்து உப்பைக் கரைத்து ஆற்றில் சேர்ப்பதைக் குறைக்கத்தான். கடைமடைக்குத் தண்ணீர் போய்ச் சேருவதும் சின்ன விஷயமல்ல.

மிச்சமான தண்ணீருக்கு என்ன திட்டம் என்றும் கேளுங்கள். ஆற்றிலேயே விடப்போகிறார்களா, நகரத்துக்கா, புதிய ஆயக்கட்டுக்கா? புதிய நிலத்துக்குப் போகிறது என்றால் கால்வாயில் கசிவு குறையும், ஆற்றுப் படுகை முழுவதிலும் பயிர் குடிக்கும் தண்ணீர் கூடும், கீழே ஆற்றில் ஓடுவது குறையும். "நீர் சேமிப்பு" என்ற தலைப்பில் இது மறைந்துவிடும்.

உயிரினங்கள் பகுதியில் மரங்களின் கணக்கெடுப்பு எப்படியும் இருக்கும். விடுபடுவது கரையின் சரிவு. மண் கரையில் இறங்கித் தண்ணீர் குடிக்கும் விலங்கு வழுவழுப்பான கான்கிரீட் சரிவில் இறங்கினால் ஏற முடியாது. மனிதரும் அப்படித்தான், ஆல் அமெரிக்கன் கால்வாயில் பலர் மூழ்கி இறந்த பிறகு ஏணிகளும் மிதவைக் கயிறுகளும் பொருத்த வேண்டி வந்தது. படிகள், சொரசொரப்பான ஏறுதளம், குறுக்குப் பாலம் ஆகியவற்றை வடிவமைப்பிலேயே எழுதச் சொல்லுங்கள். கட்டுமானத் தூசு, லாரி எல்லாம் வழக்கமான பத்தி, ஒரு பக்கம் போதும். சிமெண்டை மட்டும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்: மேலே கசிவுக் கணக்குப் போட்ட 20 கிலோமீட்டர் கால்வாய்க்குப் பத்து சென்டிமீட்டர் தளம் என்றால் 30,000 கன மீட்டர் கான்கிரீட், சிமெண்ட் மட்டும் சுமார் 9,000 டன்.

பலன் எத்தனை வருடத்துக்கு என்பதில் அறிக்கைகள் தாராளமாக இருக்கும். விரிசலும் இணைப்பு இடைவெளிகளும் பராமரிக்கப்படாவிட்டால் கசிவு வேகமாகத் திரும்பி வரும். நிலத்தடி நீர் மட்டம் உயர்ந்த இடத்தில் கால்வாயைச் சட்டென்று காலி செய்தால் அடியிலிருந்து வரும் அழுத்தம் கான்கிரீட் பலகைகளையே தூக்கிவிடும். முதல் ஆண்டுச் சேமிப்பை ஐம்பது ஆண்டுக்கு அப்படியே நீட்டியிருந்தால் திருப்பி அனுப்புங்கள்.

மாற்று வழிகள் பகுதியில் "முழுக்கத் தளம், அல்லது ஒன்றுமில்லை" என்று இரண்டே இருந்தால் அது மாற்றே அல்ல. மணல் பாங்கான, கீழே உப்பு நீர் உள்ள பகுதிகளுக்கு மட்டும் தளம், கிணறுகள் நம்பியிருக்கும் பகுதியை மண்ணாகவே விடுவது, பக்கச் சுவர் மட்டும் கட்டித் தரையைத் திறந்து வைப்பது, களிமண் போட்டு இறுக்குவது, மதகுகளைச் சரிசெய்வது என்று பகுதி பகுதியாகக் கேளுங்கள். பெரும்பாலான கால்வாய்களுக்கு இந்தக் கலவைதான் பொருந்தும் என்பது என் எண்ணம்.

கடைசியாகக் கண்காணிப்பு. "தொடர்ந்து கண்காணிக்கப்படும்" என்ற வாக்கியத்தை அடித்துவிட்டு எந்தக் கிணறு, எத்தனை நாளுக்கு ஒருமுறை, யார் அளப்பது, மட்டம் எவ்வளவு இறங்கினால் என்ன செய்வது, அதற்குப் பணம் எந்தத் தலைப்பில் இருந்து என்று எழுதுங்கள். தளம் போடுவதற்கு முன் குறைந்தது இரண்டு பாசனப் பருவ அளவுகள் கையில் இருக்க வேண்டும், இல்லையென்றால் பின்னால் கிணறு வற்றியதாக ஒருவர் வரும்போது அவர் சொல்வது சரியா தவறா என்று யாராலும் காட்ட முடியாது.