பேப்பர் டிப்ஸை வைத்துக் குதிரை ரேஸில் பணம் கட்டுவது எப்படி

பதினோரு வருஷம் ஒரு நாளிதழில் ரேஸ் பக்கத்தை வடிவமைக்கும் வேலை பார்த்தேன். எந்தக் குதிரை ஜெயிக்கும் என்று டிப்ஸ் எழுதுபவருக்கு எதிர் மேஜை எனக்கு. மறுநாள் ஏழு ரேஸ் என்றால் ஏழு பெயர் வந்தாக வேண்டும். பக்கம் மாலையே அச்சுக்குப் போய்விடும். நான்கு ரேஸுக்கு மளமளவென்று எழுதிவிட்டு, ஐந்தாவதில் பேனாவைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். "சார், இந்தக் கட்டத்தைக் காலியா விட்டுடட்டுமா?" என்று ஒருநாள் விளையாட்டாகக் கேட்டேன். முறைத்துவிட்டு, அதிகப் பணம் விழும் குதிரையான ஃபேவரிட்டின் பெயரை எழுதிக் கொடுத்தார். மறுநாள் வாசகர்கள் ஏழு பெயரையும் ஒரே எழுத்தில், ஒரே அளவில் பார்த்தார்கள். எது யோசித்து எழுதியது, எது கட்டத்தை அடைக்க எழுதியது என்று அச்சில் தெரியாது.

அதைப் பிரித்தெடுப்பதுதான் முதல் வேலை. பெயருக்குக் கீழே உள்ள இரண்டு வரியைப் படியுங்கள். "போன முறை கடைசித் திருப்பத்தில் வழி கிடைக்காமல் மாட்டிக்கொண்டது, இன்று தூரம் கூடுதல்" என்று இருந்தால் அவர் அந்த ஓட்டத்தைப் பார்த்திருக்கிறார். "நல்ல நிலையில் உள்ளது, வாய்ப்பு பிரகாசம்" என்று மட்டும் இருந்தால் பேனாவைக் கடித்திருக்கிறார். சில பேப்பர்களில் ஒரு பெயருக்குப் பக்கத்தில் 'நேப்' என்று போடுவார்கள். அன்றைய டிப்ஸில் அவருக்கு அதிக நம்பிக்கை உள்ள குதிரை அது. நெப்போலியன் என்ற சீட்டாட்டத்திலிருந்து வந்த சொல். 'என்பி' என்றால் அதற்கு அடுத்தது. ஆனால் நேப்பும் தினம் ஒன்று தந்தே ஆக வேண்டும், அதையும் மறக்க வேண்டாம்.

அப்புறம் ரேஸ் கார்டு, அதாவது ஓடும் குதிரைகளின் விவரப் பட்டியல். குதிரையின் பெயருக்கு முன்னால் 20-3எஃப்12 என்பது போல ஒரு வரிசை இருக்கும். வலது ஓரத்தில் இருப்பதுதான் கடைசி ஓட்டம். ஆக, போன முறை இரண்டாவது, அதற்கு முன் வெற்றி, அதற்கு முன் தடை தாண்டும் ரேஸில் விழுந்தது, அதற்கு முன் மூன்றாவது. நடுவில் உள்ள கோடு, அதற்கு இடது பக்கம் இருப்பது முந்தைய சீசன் என்று சொல்கிறது. 0 என்றால் முதல் ஒன்பது இடத்துக்குள் வரவில்லை. 'சி' என்றால் இதே மைதானத்தில் ஜெயித்தது, 'டி' என்றால் இதே தூரத்தில் ஜெயித்தது. 'பிஎஃப்' என்றால் போன முறை ஃபேவரிட்டாக ஓடித் தோற்றது. புதிதாக வருகிறவர்கள் 1 என்ற எண்ணைப் பார்த்ததும் மயங்கிவிடுவார்கள். சோப்ளாங்கிக் கூட்டத்தில் வாங்கிய 1-ஐவிட, பலமான குதிரைகள் ஓடிய ரேஸில் வாங்கிய 4 மேலாக இருக்கலாம்.

திறமைக்கு ஏற்ப எடை சுமக்க வைப்பது ஹேண்டிகேப் ரேஸ். ஜெயித்த குதிரைக்கு அதில் எடையைக் கூட்டிவிடுவார்கள். குறைந்த தூர ரேஸில் ஒரு குதிரை நீளத்துக்குச் சுமார் 3 பவுண்டு என்பது பழைய கணக்கு. போன முறை ஒரு நீளத்தில் முந்திய குதிரை, அதே எதிராளியோடு இன்று 6 பவுண்டு கூடுதலாகச் சுமந்தால், காகிதத்தில் ஒரு நீளம் பின்னால் வர வேண்டும். மேன் ஓ வார் என்ற அமெரிக்கக் குதிரை 21 ரேஸ் ஓடி 20-ல் ஜெயித்தது. தோற்ற ஒரே ஒரு ரேஸ் 1919-ல், சரடோகா மைதானத்தில். அது 130 பவுண்டு சுமந்தது. அதை முந்திய 'அப்செட்' என்ற குதிரை சுமந்தது 115. புறப்பாடும் அதற்குச் சரியாக அமையவில்லை. டிப்ஸ் வரியில் எடையைப் பற்றிப் பேச்சே இல்லையென்றால் நீங்களே பார்த்துவிடுங்கள்.

பேப்பர் நேற்று மாலை எழுதியது என்பதால் இன்னொரு சிக்கல். கெட்டித் தரையில் மூன்று முறை ஜெயித்த ஒரு குதிரையை எங்கள் ஆள் ஒரு தடவை நேப்பாகக் கொடுத்தார். நானே அதைத் தடித்த எழுத்தில் போட்டேன், நானே பணமும் கட்டினேன். ராத்திரி முழுக்க மழை. தரை சேறாகிவிட்டது. குதிரை கடைசியாக வந்தது. அவர் எழுதியதில் தப்பே இல்லை, எழுதியபோது வானம் தெளிவாகத்தான் இருந்தது. காலையில் பேப்பரைத் திறக்கும்போதே மூன்றைச் சரிபாருங்கள்: தரையின் நிலை மாறியதா, ஜாக்கி மாறினாரா, எந்தக் குதிரையாவது விலகியதா. முன்னால் பாய்ந்து ஓடும் குதிரை ஒன்று விலகினால் போதும், ரேஸின் வேகமே மாறிவிடும்.

இதையெல்லாம் நிறையப் பேர் ஒழுங்காகச் செய்கிறார்கள். செய்துவிட்டு ரேட்டில் கோட்டைவிடுகிறார்கள். நானும் பல வருஷம் அப்படித்தான்.

டிப்ஸுக்குப் பக்கத்தில் 4/1 என்று போட்டிருக்கும். அது பேப்பரின் ஊகம், பந்தயப் பணம் வாங்கும் புக்கி தரும் ரேட் அல்ல. 4/1 என்றால் 1 கட்டி ஜெயித்தால் 4 லாபம். இதைச் சதவீதமாக்க, வலது பக்க எண்ணை இரண்டின் கூட்டுத்தொகையால் வகுங்கள்: 1/5, அதாவது 20. ஐந்து முறை ஓடினால் ஒரு முறை ஜெயித்தாலே கையைக் கடிக்காது. காலையில் அதே டிப்ஸைப் பார்த்து எல்லோரும் பணத்தைக் கொட்ட, ரேட் 2/1-க்கு இறங்கியது என்று வையுங்கள். இப்போது அது மூன்றுக்கு ஒன்று ஜெயித்தாக வேண்டும். குதிரையின் கால் ஒரு இரவில் வலுவாகிவிடவில்லை, நீங்கள் கொடுக்கும் விலைதான் ஏறியிருக்கிறது. பல பேப்பர்களின் டிப்ஸைக் கட்டம் போட்டு ஒப்பிடுவார்களே, அதில் எல்லோரும் ஒரே பெயரைச் சொன்னால் நான் சந்தோஷப்படுவதில்லை. ரேட் நசுங்கப்போகிறது என்றுதான் அதற்கு அர்த்தம்.

சரி, இந்தச் சின்ன வித்தியாசம் எவ்வளவு செய்யும்? 100 டிப்ஸுக்குத் தலா 1 கட்டுகிறீர்கள், 30 ஜெயிக்கிறது. எல்லாம் 2/1 என்றால் கைக்குத் திரும்புவது 90, நஷ்டம் 10. அதே 30 குதிரை 5/2-ல் வந்திருந்தால் திரும்புவது 105. டிப்ஸ் ஒன்றுதான், வெற்றியும் ஒன்றுதான். "எங்கள் டிப்ஸ் முப்பது ஜெயித்தது" என்று பேப்பர் மார்தட்டுவது உண்மையாக இருக்கும்போதே உங்கள் பை காலியாகலாம்.

ஒரு ரேஸில் ஓடும் எல்லாக் குதிரைகளின் சதவீதத்தையும் ஒரு தடவை கூட்டிப் பாருங்கள். நான்கு குதிரை: சமபணம் (1/1) 50, 3/1-க்கு 25, 4/1-க்கு 20, 9/1-க்கு 10. கூட்டினால் 105. அந்த அதிகப்படி 5 புக்கியின் பங்கு. எல்லோர் பணத்தையும் ஒன்றாகச் சேர்க்கும் டோட்டில், மொத்தத் தொகையிலிருந்து முதலிலேயே ஒரு பகுதியைப் பிடித்துக்கொண்டு மீதியைப் பிரிக்கிறார்கள். 1867-ல் பாரிஸில் ஜோசப் ஓலர் கண்டுபிடித்த முறை அது. எந்த வழியில் போனாலும் நாம் சரிவிலிருந்து மேலே ஏறுகிறோம்.

'ஈச் வே' என்று டிப்ஸில் இருந்தால் பாதி வின்னுக்கு (ஜெயிப்பதற்கு), பாதி பிளேஸுக்கு (முதல் சில இடத்துக்குள் வருவதற்கு). பெரிய ரேட்டுக்கு இது பொருந்தும். 2/1 குதிரைக்கு 10-ம் 10-மாகக் கட்டி, பிளேஸுக்கு ரேட்டில் ஐந்தில் ஒரு பங்கு என்ற விதியில் அது இரண்டாவது வந்தால் கைக்கு வருவது 14. பிளேஸ் வந்தும் 6 போச்சு.

இப்போது நான் செய்வது இது. காலையில் டிப்ஸைப் பார்ப்பதற்கு முன்பே ஒரு ரேஸை எடுத்து, எந்தக் குதிரைக்கு எத்தனை சதவீதம் என்று பென்சிலில் எழுதுவேன். பிறகுதான் பேப்பர். நான் கவனிக்காத ஏதாவது அந்த இரண்டு வரியில் இருந்தால் எண்ணைத் திருத்துவேன். கிடைக்கும் ரேட் என் எண்ணைவிட நன்றாக இருந்தால் மட்டும் கட்டுவேன், அதுவும் சீசனுக்கென்று ஒதுக்கிய தொகையில் நூற்றுக்கு ஒன்று. விட்டதைப் பிடிக்க அடுத்த ரேஸில் இரட்டிப்பதில்லை. ஒதுக்கியது தீர்ந்தால் அந்த சீசன் பேப்பரோடு சரி. நோட்டில் நான்கு பத்தி: பேப்பரின் ரேட், நான் வாங்கிய ரேட், ரேஸ் தொடங்கியபோது இருந்த ரேட், முடிவு. இரண்டாவது பத்தி மூன்றாவதைவிடத் தொடர்ந்து மோசமாக இருந்தால், முடிவுப் பத்தியைப் பார்க்கவே தேவையில்லை.

போன வாரம் ஒரு நேப். நான் எழுதியது 30 சதவீதம், பேப்பரில் 3/1. நான் போவதற்குள் 7/4 ஆகிவிட்டது. குதிரை மூன்று நீளத்தில் ஜெயித்தது. நோட்டில் "7/4, கட்டவில்லை" என்று எழுதிவிட்டு அடுத்த ரேஸின் எடைகளைக் கூட்ட ஆரம்பித்தேன்.